மருந்து வந்தால் போதுமா? கடைமடைக்கு வரவேண்டாமா?



நம்ம சங்கத்து நோட்டீசில் வழக்கமாக என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜூன் 12-ல் தண்ணி திறக்கணும், வாய்க்காலைத் தூர்வாரணும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனையுது, பயிர்க் காப்பீட்டுப் பணம் எங்கே? இதுதான் இருக்கும். இந்தத் தடவை ஊசியைப் பற்றி எழுதுகிறோம். "விவசாயச் சங்கத்துக்கும் ஊசிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டே விட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

2021-ஐக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். மே 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் கொரோனா. ஊர் உலகமே பூட்டிக் கிடந்தது. ஆனால் விவசாய வேலைக்கு மட்டும் தடை இல்லை என்றார்கள். எப்படித் தடை போடுவார்கள்? வீட்டுக்குள்ளே இருக்கிறவனும் மூணு வேளை சோறு சாப்பிடணுமே! அடுத்த மூன்றே வாரத்தில் மேட்டூர் திறந்தாச்சு. நாற்றங்கால், உழவு, நடவு என்று நாம் இறங்கிவிட்டோம். பத்துப் பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து நடுகிற வேலையில் ஆறடி இடைவெளி எங்கே விடுவது? ஒரு குட்டி யானை வண்டியில் இருபது பேர் நின்றுகொண்டு போகிற சனம் நாம். நாட்டுக்குச் சோறு போட வெளியே போங்கள் என்று சொன்னவர்கள், போவதற்கு முன்னால் இந்தக் கைகளுக்கு ஊசி போட்டு அனுப்பணும் என்று நினைத்தார்களா?

நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டோம். மருந்து வந்தது. காசில்லாமலும் கிடைத்தது. அதை மறைத்துப் பேசுவது நம்ம சங்கத்து வழக்கம் இல்லை. ஆனால் மேட்டூரில் தண்ணி நிற்பது வேறு, கடைமடை வயலில் தண்ணி பாய்வது வேறு. அணையில் 100 அடி நின்றாலும் பிரிவு வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் நம்ம மடைக்கு ஒரு விரற்கடை வருமா? ஊசி விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. டெல்லியிலிருந்து சென்னைக்கு மருந்து வந்தது, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு வந்தது, மாவட்டத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வந்தது. அங்கேயிருந்து நம்ம தெருவுக்கு வருகிற அந்தக் கடைசி ஏழு கிலோமீட்டர்தான் வரவில்லை.

எப்படி வரவில்லை என்பதை விவரமாகச் சொல்லணும். ஏனென்றால் பத்திரிகையில் இது வராது. "கிராம மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கோவிஷீல்டு மருந்து ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு வரும். மூடியைத் திறந்துவிட்டால் நாலு மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கும் போட்டு முடிக்கணும். மீந்தால் கொட்டவேண்டியதுதான். கொட்டினால் மேலே கணக்குச் சொல்லணும். அதனால் பத்துத் தலை சேராமல் குப்பியைத் திறக்கத் தயங்கினார்கள். நடவு நாளில் பத்துத் தலை எப்படிச் சேரும்? நம்ம தெருப் பெண்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்றுப் பறிக்கப் போய், பதினோரு மணிக்குச் சேற்றுக் காலோடு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஆறு பேர். "இன்னும் நாலு பேர் வரட்டும்மா" என்றார் நர்சம்மா. பன்னிரண்டரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி போன் மேல் போன் போடுகிறார், மத்தியானத்துக்கு மேல் அரைக் கூலி போய்விடும். எழுந்து போனார்கள். நர்சம்மாவும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகு மூணு பேர் வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இதில் யார் மேல் தப்பு? அந்தப் பெண்கள் மேலா? நர்சம்மா மேலா? இரண்டு பேர் மேலும் இல்லை. வீணானாலும் பரவாயில்லை, ஆறு பேர் வந்தாலும் திற என்று தைரியமாகச் சொல்லுகிற மேலிடம் இல்லை. அன்றைய கூலியைக் கொடுத்துவிட்டு ஊசி போடுகிற திட்டம் இல்லை. நடவு எப்போது, அறுவடை எப்போது என்று தெரிந்துகொண்டு முகாம் தேதி போடுகிற ஆள் இல்லை.

அந்த மே மாதத்தில் எங்கள் கிளைச் சங்கத்தில் ஒரு பெரியவரை இழந்தோம். குத்தகைக்கு இரண்டு மா சாகுபடி பண்ணிக்கொண்டிருந்தவர். பேர் போடவில்லை, குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். 60 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மார்ச் முதல் தேதியிலிருந்தே போடலாம். அவரும் போனார். முதல் தடவை "இன்னைக்கு ஸ்டாக் இல்லை". இரண்டாம் தடவை பத்துப் பேர் சேரவில்லை. மூன்றாம் தடவைக்கு அவரே இல்லை. ஊசி போட்டிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று அடித்துச் சொல்ல நாங்கள் டாக்டர் இல்லை. ஆனால் 70 வயதுக்காரர் இரண்டு தடவை வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் வெறுங்கையோடு திரும்பினார் என்பது எங்களுக்குத் தெரியும். அதை மறக்க மாட்டோம்.

அதே நாட்களில் இன்னொரு கூத்து. மே மாதம் 18 வயதிலிருந்து 44 வரை உள்ளவர்களுக்கு ஊசி என்று அறிவித்தார்கள். ஆனால் கோவின் என்ற கம்ப்யூட்டர் தளத்தில் பதிவு பண்ணி, செல்போனுக்கு வருகிற ஓ.டி.பி. நம்பரைச் சொல்லி, நேரம் வாங்கிக்கொண்டுதான் வரணும் என்று சட்டம் போட்டார்கள். அப்போது அந்தத் தளம் தமிழிலும் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் பட்டணத்துப் பிள்ளைகள் இடம் பிடித்துவிடுவார்கள். நம்ம பையன் தென்னை மரத்தடியில் டவர் தேடிக்கொண்டிருப்பான். மே 24-க்குப் பிறகுதான் அரசு மையத்தில் நேராகப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத கிராமத்துக்காரன் என்ன செய்வான் என்று உச்ச நீதிமன்றமே மே 31-ம் தேதி உத்தரவில் கேட்டது. 45 வயதுக்கு மேல் மத்திய அரசு இலவசமாகத் தருகிறது, அதற்குக் கீழே என்றால் மாநிலமோ மக்களோ காசு கொடு என்பதிலும் நியாயம் தெரியவில்லை, பட்ஜெட்டில் தடுப்பூசிக்கு ஒதுக்கிய 35,000 கோடி எங்கே போனது என்றும் கேட்டது. ஒரு வாரத்தில், ஜூன் 7-ம் தேதி, எல்லோருக்கும் இலவசம் என்று பிரதமர் அறிவித்தார். கேட்டால்தான் கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே அரசு மாட்டுக்கு எப்படி ஊசி போடுகிறது? 2013-ல் டெல்டாவில் கோமாரி வந்து தொழுவம் தொழுவமாக மாடு செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது கால்நடைத் துறையிலிருந்து ஊருக்கே வருகிறார்கள். தண்டோரா போட்டு, கோயில் திடலில் மாட்டைக் கட்டச் சொல்லி, காதில் 12 எண் தோடு மாட்டி, பதிவையும் அவர்களே பண்ணிக்கொண்டு ஊசி போட்டுவிட்டுப் போகிறார்கள். கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் மட்டும் 2019-ல் மத்திய அரசு 13,343 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது, முழுக்க மத்திய அரசுப் பணம். நல்ல திட்டம், நாங்கள் குறை சொல்லவில்லை. மாடு நம்ம குடும்பத்தில் ஒன்று. ஆனால் மாட்டைப் பார்த்து ஓ.டி.பி. சொல் என்று யாரும் கேட்கவில்லையே! மாட்டுக்குத் தொழுவத்துக்கு வருகிற ஊசி, மாட்டுக்காரனுக்கு ஏன் தெருவுக்கு வரவில்லை?

நம்ம பக்கமும் தப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுவோம். 2021 ஏப்ரல் 15-ல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார், 17-ம் தேதி காலையில் மாரடைப்பில் இறந்தார். ஊசியால் இல்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள், பிறகு நிபுணர் குழு பார்த்தும் அதையேதான் சொன்னது. யார் கேட்டார்கள்? அடுத்த வாரம் நம்ம ஊர் முகாமில் ஈ ஓடியது. ஊசி போட்டால் இத்தனை நாள் தண்ணி அடிக்கக் கூடாதாம் என்று ஒரு பேச்சு, அதில் ஒரு கூட்டம் கழன்றது. இரண்டு வருஷத்தில் செத்துப்போவோமாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு. நம்ம சங்கத்து நிர்வாகி ஒருத்தரே நர்சம்மா தெருவில் வருகிறார் என்று தெரிந்ததும் கரும்புக் கொல்லைக்குள் போய் ஒளிந்தார். (அவர் இதைப் படித்துக்கொண்டிருப்பார். வணக்கம்.) மேடையில் அத்தனை வீரம் பேசுகிற நாம், அந்த வதந்திக்குப் பதில் சொல்ல ஒரு தெருமுனைக் கூட்டம் போடவில்லை. போட்டிருக்கணும்.

கரும்புக் கொல்லையில் ஒளிந்தவரை வெளியே கொண்டுவந்தது யார்? டி.வி.யா, சுவரொட்டியா? இல்லை. "அண்ணே, உங்க பேரனுக்குத் தொட்டிலில் இருந்து பன்னிரண்டு ஊசி நான்தானே போட்டேன், ஒண்ணாவது தப்பாப் போச்சா?" என்று வரப்பில் நின்றுகொண்டு நர்சம்மா கேட்ட ஒரு கேள்வி. அவ்வளவுதான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். பதினைந்து வருஷமாக ஒரே ஊரில் பிரசவம் பார்த்து, குழந்தைக்கு ஊசி போட்டு, வீட்டுக்கு வீடு பேர் தெரிந்து வைத்திருக்கிற ஒரு ஆளுக்கு இருக்கிற மதிப்பு அது. முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் நடுவில் முதலில் நாலு வாரம் என்றார்கள், பிறகு எட்டு வாரம், பிறகு 84 நாள் என்றார்கள். இந்தக் குழப்பத்தையெல்லாம் தெருத் தெருவாகப் புரியவைத்ததும் அவர்தான். இந்த ஆள்தான் நம்ம பிரிவு வாய்க்கால். இந்த ஆள் இல்லை என்றால் அணையில் எத்தனை டி.எம்.சி. இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பிறகு அரசாங்கமும் இதைப் புரிந்துகொண்டது, இல்லையென்று சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு முழுக்க 40 ஆயிரம் இடத்தில் முகாம் போட்டார்கள். பள்ளிக்கூடம், சத்துணவுக் கூடம், பஸ் ஸ்டாண்டு. ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். மார்ச்சில் பயந்த அதே சனம்தான், செப்டம்பரில் வரிசையில் நின்றது. சனம் மாறவில்லை, முகாம்தான் பக்கத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் நர்சம்மாவிடம் பேசி, நாற்றுப் பறிக்கிற இடத்துக்கே காலை ஆறு மணிக்கு வரவைத்தோம். நெல் தூற்றுகிற ஆட்களுக்குக் கொள்முதல் நிலையத்து வாசலில் சாயங்காலம் போட்டார்கள். வண்டிக்கு டீசலும் எல்லோருக்கும் டீயும் சங்கச் செலவு. வேறொன்றும் பெரிய காரியம் நாம் செய்துவிடவில்லை. அப்போதும் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தவர்களின் கூலி போனது போனதுதான்.

பழைய பாடம், மறந்த பாடம்

இதெல்லாம் கொரோனாவில் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நாலு பச்சைக் குழந்தைகள் இறந்தன. நெஞ்சு பதறிய சம்பவம். அதன் பிறகு என்ன செய்தார்கள்? இனிமேல் கிராமத்தில், அங்கன்வாடியில் வைத்து ஊசி வேண்டாம், டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்றார்கள். பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பஸ் இல்லாத ஊரில் கைக்குழந்தையோடு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, எத்தனை தாய்மார் போவார்கள்?

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பாருங்கள். 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் முழுசாகப் போட்ட குழந்தைகள் 100-க்கு 81. இந்தியாவுக்கே முதலிடம் என்று பெருமைப்பட்ட காலம். 2015-16-ல் அது 70 ஆக இறங்கியது. பத்து வருஷத்தில் முன்னே போகவேண்டிய வண்டி பின்னே போனது. அந்த ஒரு முடிவுதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணங்களில் அது ஒன்று என்று எங்களுக்குப் படுகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊசி ஊருக்குத் திரும்பி வந்தது, 2019-21 கணக்கில் 89 ஆக ஏறியது. ஊசி ஊரை விட்டுப் போனால் கணக்கு இறங்குகிறது, ஊருக்கு வந்தால் ஏறுகிறது. இதற்குமேல் என்ன ஆராய்ச்சி வேணும்?

அதே 2008 ஜனவரியில்தான் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் உள்பட மூணு அரசாங்கத் தடுப்பூசிக் கூடங்களின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2010-ல் திரும்பக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் பல நூறு கோடியில் கட்டிய தடுப்பூசி வளாகம் கொரோனா உச்சத்தில் இருந்த 2021-லும் சும்மா கிடந்தது. மாநில அரசு எங்களிடம் கொடுங்கள், நடத்திக்கொள்கிறோம் என்று கேட்டுப் பார்த்தது. அது தனி வயிற்றெரிச்சல். அதை இன்னொரு நோட்டீசில் எழுதுவோம்.

பணமா இல்லை?

எதைக் கேட்டாலும் நிதி இல்லை என்பார்கள். நிதி இருந்ததா இல்லையா பார்ப்போம். 2017-ல் மத்திய அரசு போட்ட தேசிய சுகாதாரக் கொள்கையில், 2025-க்குள் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் சுகாதாரத்துக்குச் செலவழிப்போம், அதில் மூணில் இரண்டு பங்கைக் கீழ்மட்ட ஆரம்ப சுகாதாரத்துக்குக் கொடுப்போம் என்று எழுதிவைத்தார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த 2021-22-ல்கூட, மத்திய மாநில அரசுகள் எல்லாம் சேர்ந்து செலவழித்தது நூற்றுக்கு ஒரு ரூபாய் 84 காசுதான். கொள்ளை நோய் வந்து கதவைத் தட்டியபோதே அவ்வளவுதான் என்றால் சாதாரண வருஷத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த வருஷ பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு 2,23,846 கோடி, 137 சதவீதம் உயர்வு என்று மேசை தட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை, சத்துணவு, நிதிக்குழு மானியம் எல்லாவற்றையும் அதில் கூட்டி வைத்திருந்தார்கள். பதரோடு சேர்த்து எடை போட்டால் மூட்டை கனமாகத்தான் இருக்கும். நாம் தூற்றாத நெல்லா!

அடுத்த கணக்கு நம்ம ஊராட்சி சம்பந்தப்பட்டது, கவனமாகப் படிங்கள். 15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து வருஷத்துக்கு 70,051 கோடி ரூபாயை, உள்ளாட்சி அமைப்புகள் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே தனியாகப் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையத்துக்குக் கட்டடம், பரிசோதனை வசதி, வட்டாரப் பொதுச் சுகாதார அலகு எல்லாம் அதில் உண்டு. நம்ம ஊராட்சிக்கு அதில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று எந்தக் கிராம சபையிலாவது யாராவது வாசித்தார்களா? நாமும் கேட்டோமா? 2005-ல் ஊரகச் சுகாதார இயக்கம் வந்தபோதே துணை சுகாதார நிலையத்துக்கு வருஷம் 10,000 ரூபாய் தனி நிதி வைத்தார்கள். செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுக்கிற பணம். அதுகூடத் தெரியாத வார்டு உறுப்பினர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இனி ஆட்கள் விஷயம். கொரோனா வந்ததும் 2020 டிசம்பரில் 2,000 மினி கிளினிக் திறந்தார்கள். தற்காலிக டாக்டர்கள். 2022 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். திறந்தவர்கள் அரசியலுக்குத் திறந்தார்கள் என்பார் ஒருத்தர், மூடியவர்கள் அரசியலுக்கு மூடினார்கள் என்பார் இன்னொருத்தர். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். 2020-ல் உயிரைப் பணயம் வைத்து வேலைக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள். புத்தாண்டுப் பிறப்பில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். மாவட்டச் சுகாதாரச் சங்கங்கள் வழியாக வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்று சொன்னது அரசு. வெள்ளம் வரும்போது மணல் மூட்டை அடுக்குவார்கள், வடிந்ததும் கரையை அப்படியே விட்டுவிடுவார்கள். கொள்ளிடக் கரையில் நாம் வருஷா வருஷம் பார்ப்பதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது, வீட்டுக்கு வந்து சுகர், பிரஷர் மாத்திரை தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் வேலை செய்யும் பெண்களுக்கும் நிரந்தர வேலை இல்லை, ஊக்கத்தொகைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. முடிந்த கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று கேட்கலாம். எங்கள் துணை சுகாதார நிலையத்தை வந்து பாருங்கள், அப்புறம் கேளுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. தமிழ்நாடு முழுக்க 8,700-க்கும் மேல் இருக்கின்றன. எங்கள் நிலையத்தின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. நர்சம்மாவுக்குப் பக்கத்து நிலையமும் கூடுதல் பொறுப்பு, அதனால் வாரத்தில் பாதி நாள் பூட்டு. புதன்கிழமை குழந்தை ஊசி நாளில் மட்டும் கதவு திறக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். ஐஸ் பெட்டியைச் சொந்த ஸ்கூட்டியில் சொந்தப் பெட்ரோலில் கொண்டுவருகிறார். நாளைக்கே புதுசாக ஒரு காய்ச்சல் வந்தால், 2021-ல் எங்கே நின்றோமோ அதற்கும் ஒரு படி கீழேதான் நிற்போம்.

அதனால் மத்திய மாநில அரசுகளை நாம் கேட்பது ரொம்பப் பெரிசு ஒன்றும் இல்லை. ஒரு துணை நிலையத்துக்கு ஒரு செவிலியர், நிரந்தரமாக, கூடுதல் பொறுப்பு இல்லாமல். காலியிடத்தை இத்தனை மாதத்துக்குள் நிரப்பணும் என்று கெடு. அவருக்கு வண்டியும் பெட்ரோல் படியும். கட்டடம். மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கணும் என்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம்ம பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டிக்கு ஜெனரேட்டரும் டீசல் காசும் யார் வைத்திருந்தார்கள்? அதை ஒவ்வொரு நிலையத்திலும் உறுதி செய்யணும். கொள்ளை நோய்க் காலத்தில் விவசாயத் தொழிலாளரை முன்களப் பணியாளர் பட்டியலில் சேர்க்கணும். ஊசி போடுகிற நாளுக்கும் மறுநாளுக்கும் கூலி கொடுக்கணும். முகாம் தேதியை நடவு, அறுவடையைக் கேட்டுப் போடணும். பத்துத் தலை சேராவிட்டாலும் குப்பியைத் திற, மீந்தால் உன்னைக் கேட்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்கணும். நம்மைப் பொறுத்தவரை இதில் கடைசிதான் முக்கியம், அதற்குச் செலவும் கிடையாது.

மாசாமாசம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. உரம், தண்ணி, காப்பீடு என்று தொண்டை கிழியப் பேசுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி நாம் ஒரு தடவையும் பேசியது கிடையாது. அடுத்த கூட்டத்திலிருந்து பேசுவோம் என்று கிளைச் செயலாளர்கள் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம்.

அதற்கு முன்னால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு தடவை. அடுத்து வருகிற சபையில் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு தீர்மானம் வைக்கணும். ஒன்று, நம்ம துணை நிலையத்துக்கு முழு நேரச் செவிலியர், கட்டடம், வண்டி. இரண்டு, 15-வது நிதிக்குழுச் சுகாதார மானியத்திலும் துணை நிலையத் தனி நிதியிலும் நம்ம ஊராட்சிக்கு வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று வரவு செலவை வாசிக்கணும். பெண்கள் கட்டாயம் வாருங்கள், அன்றைக்கு ஆறு பேராக உட்கார்ந்திருந்தவர்கள் பேசினால்தான் எடுபடும். செவிலியரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள், அவரும் நம்மைப் போல மேலே கேட்க முடியாத ஆள்தான். தீர்மானத்தின் வாசகத்தை நோட்டீசின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், வெறும் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். நகலைக் கிளைச் செயலாளரிடம் ஒரு வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.